செக்கிங் தாண்டினால் டேங்க் மேல் ஹெல்மெட்

"மக்கா, தக்கலையில செக்கிங் உண்டா?" எதிரே வருபவனிடம் கேட்ட பிறகுதான் டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது. தாண்டியதும் மறுபடி டேங்குக்கே. விதி போலீசுக்காக என்று மனதில் பதிந்துவிட்டால் அதோடு நிற்காது. ஸ்டைலுக்காகப் பக்கக் கண்ணாடியைக் கழற்றுவான், கேமராவுக்குப் பயந்து நம்பர் பிளேட்டை மடக்குவான், அப்புறம் மூன்று பேர் ஏறுவார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். இங்கே குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈர ரோட்டு வளைவில், தேய்ந்த டயரோடு முன்பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கத்தான் செய்யும். ஆரல்வாய்மொழியில் லாரியை முந்தி அதன் மறைவைத் தாண்டியதும், கணவாய்க் காற்று பக்கவாட்டில் ஒரே அடியாக அடிக்கும். அங்கேயா ஒற்றைக்கை ஓட்டம்?

பதினாறு வயதுப் பையனிடம் 150 சிசி வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் மேல்தான் கோபம் அதிகம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கேட்டால், "டியூசனுக்குத்தானே போறான்" என்கிறார்கள்.