திறந்துதான் கிடக்கிறது

தம்பி (போனில்): அக்கா, மலை மேலே உங்கள் ஊருக்கு வருகிற ரோடு திறந்திருக்கிறதா?

அக்கா: திறந்துதான் கிடக்கிறது. நாலு இடத்தில்.

தம்பி: நாலு வழியா? மேப்பில் ஒன்றுதானே காட்டுகிறது.

அக்கா: வழி ஒன்றுதான்டா. அந்த ஒன்று நாலு இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இருப்பதுதான் பெரிசு. போன வாரம் தபால் வண்டி அதற்குள் ஒரு காலை விட்டுவிட்டு, எடுக்க முடியாமல் சாயங்காலம் வரை நின்றது.

தம்பி: ஆனால் மேப்பில் பச்சைக் கோடு போட்டிருக்கிறதே.

அக்கா: பச்சை என்றால் ரோட்டில் நெரிசல் இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை என்று யோசித்தாயா? புத்தியுள்ளவன் எவனும் ரோட்டில் இல்லை, அதனால் பச்சை.

தம்பி: சரி, நேராகவே கேட்கிறேன். ரோடு எப்படி இருக்கிறது?

அக்கா: எத்தனை மணிக்கு?

தம்பி: மணியா? நான் ரோட்டைக் கேட்டேன்.

அக்கா: நானும் ரோட்டைத்தான் கேட்கிறேன். உனக்கு எத்தனை மணி ரோடு வேண்டும்? காலை எட்டு மணி என்றால் கண்ணாடி. ராத்திரி மைனஸ் 4, முந்தின நாள் பகலில் உருகி ரோட்டுக்குக் குறுக்கே ஓடிய தண்ணீரெல்லாம் ஓடிய மேனிக்கே உறைந்திருக்கும், அடியில் இருக்கிற தார் பளிச்சென்று தெரிவதால் வெறும் ஈரம் என்று நினைத்து ஏறுவாய், ஏறின பிறகு நீ வண்டி ஓட்ட வேண்டியதில்லை, ரோடே ஓட்டிக்கொள்ளும். பதினொரு மணி என்றால் நல்ல ரோடு. இரண்டு மணி என்றால் சேறு. ஐந்து மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் மறுபடியும் கண்ணாடி.

தம்பி: ஒரே ரோடா இத்தனையும்?

அக்கா: ஒரே நாளும்கூட.

(இதை எழுதுகிற எனக்கும் இந்தக் கேள்வி மார்ச் பிறந்தால் வாரத்துக்கு நாலு தடவை வரும். அக்கா மாதிரி நான் பொறுமையாக நேரக்கணக்கெல்லாம் சொன்னதில்லை. "வராதே" என்று போனை வைத்துவிடுவேன். அதையும் மீறி வருவார்கள், அது வேறு.)

தம்பி: மார்ச் 20 தாண்டியாயிற்று அக்கா, வசந்தம் வந்துவிட்டது. இங்கே கீழே 14 டிகிரி... இருந்தது.

அக்கா: கீழே இருக்கும். உனக்கும் எனக்கும் உயரத்தில் 1,500 மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கழித்துப் பார், மிச்சம் நாலோ ஐந்தோ. அதுவும் பகலில். வசந்தம் உன் வீட்டுக் காலண்டருக்கு வந்திருக்கும், இங்கே அது இன்னும் பாலத்தையே தாண்டவில்லை.

தம்பி: பாலம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. சும்மாதான் கேட்கிறேன். அந்தப் பாலம் எப்படி இருக்கிறது?

அக்கா: எத்தனை மணிக்கு?

தம்பி: இப்போது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அக்கா: இப்போது ஐந்தே முக்கால். கேட்கவே வேண்டாம். ரோட்டுக்காவது அடியில் மண் இருக்கிறது, பகல் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. ரோடு ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். அதைத்தான் பெரிய பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே.

தம்பி: பலகையைப் பனி மூடியிருந்தது.

அக்கா: என்னது?

தம்பி: மூடியிருக்குமோ என்று கேட்டேன். சரி, ஐஸ் உருக உப்பு கிப்பு போடுவார்களே?

அக்கா: ரோடே உப்பித்தான் இருக்கிறது.

தம்பி: அப்பாடா. நிறையவே போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அக்கா: உப்பு இல்லைடா, உப்பல்! மண்ணுக்குள் தண்ணீர் அடுக்கடுக்காக உறைந்து, கீழேயிருந்து இன்னும் தண்ணீரை இழுத்து இழுத்துத் தடித்து, ரோட்டை ஒரு சாண் மேலே தூக்கிவிட்டது. பார்த்தால் யாரோ அடியில் படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கின மாதிரி இருக்கும். அந்த ஐஸ் உருகினால் மேலே வெறும் தார்த் தோல், கீழே கூழ். கனமான வண்டி ஒன்று ஏறினால் போதும்.

தம்பி: பள்ளத்தையெல்லாம் அடைத்தாயிற்று என்று படம் போட்டிருந்தார்களே.

அக்கா: அடைத்தார்கள். தண்ணீரோடு சேர்த்து அடைத்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன், இரண்டு பேர் வந்து, நிற்கிற தண்ணீரைக்கூட வெளியே தள்ளாமல் அதன் மேலேயே கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் இரண்டு தட்டு, ஒரு போட்டோ, போய்விட்டார்கள். தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், உள்ளே மாட்டினது வெளியே வராமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் அந்தக் கலவை பள்ளத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மண்வெட்டித் தடம்கூட அழியாமல், முழுசாக, கழன்ற செருப்பு மாதிரி. முன்பு ஒரு பள்ளம்தான் இருந்தது. இப்போது ஒரு பள்ளம், ஒரு மேடு.

தம்பி: என் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அக்கா. புதுசு.

அக்கா: இழுக்கும். நிறுத்துமா?

தம்பி: ...

அக்கா: கிளம்பவும் ஏறவும்தான் அது உதவும். நிற்கும்போது உன் புது வண்டிக்கும் என் ஓட்டை வண்டிக்கும் அதே நாலு பிரேக்தான். டயர் என்ன டயர்?

தம்பி: கோடை டயர். ஏப்ரல் வரப்போகிறதே என்று போன வாரம்தான் மாற்றினேன்.

அக்கா: நல்ல காரியம். ஏழு டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைத்துப்போகும். கண்ணாடி மேல் பலகையில் உட்கார்ந்து வரலாம்.

தம்பி: நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நாளைக்கு அத்தனை பேர் வரப்போகிறார்களே, பனி பார்க்க.

அக்கா: வரட்டும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சரியாக மூன்று மணிக்கு மணல் லாரி வந்து ஏழாவது வளைவில் இருக்கிற தங்கும் விடுதி வரைக்கும் தூவிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதற்கு மேலே நாங்கள் அறுபது வீடு இருக்கிறோம். திங்கள் காலை ஏழரைக்கு இதே கண்ணாடி மேல் பள்ளிக்கூட வண்டி போகும். அந்த டிரைவருக்கு ஒருத்தராவது போன் போட்டு ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்களா? ஒரு நாள் வந்து போட்டோ எடுக்கிறவனுக்குத்தான் ரோடு எப்படி, ரோடு எப்படி. கேட்கிறதும் பதிலுக்காக இல்லை, "ஒன்றுமில்லை, வா" என்று நம் வாயால் சொல்ல வைக்க. போன வருஷம் நாங்கள் கயிறு கட்டி இழுத்தது நாலு வண்டி. நாலு பேருமே கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டவர்கள்தான்.

தம்பி: நான் அப்படி இல்லை அக்கா.

அக்கா: நீ நல்லவன். கேட்டுவிட்டாவது கிளம்பப் பார்க்கிறாய்.

தம்பி: இல்லை, நான் கிளம்பும் முன் கேட்கவில்லை.

அக்கா: ...

தம்பி: பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அக்கா: பக்கத்தில் என்றால்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

தம்பி: பக்கவாட்டில்.

அக்கா: டேய்! உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

தம்பி: எனக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்கும் ஒன்றும் இல்லை. மூக்கு ஒரு கைப்பிடிச் சுவரிலும் பின்பக்கம் எதிர்ச் சுவரிலும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மெதுவாகத்தான் வந்தேன். வண்டி மெதுவாகவே திரும்பிற்று.

அக்கா: அப்படியென்றால் இப்போது ரோடு?

தம்பி: மூடியிருக்கிறது அக்கா. என்னால்.

அக்கா: முதலில் வண்டியை விட்டு இறங்கிக் கரைக்கு வா, பாறைச் சரிவுக்கு அடியில் மட்டும் போய் நிற்காதே, இந்த மாதத்தில் கல் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போடு. பக்கத்து வீட்டு டிராக்டருக்குச் சொல்லிவிட்டு நானும் கயிற்றோடு வருகிறேன்.

தம்பி: எத்தனை மணிக்கு அக்கா?