ராத்திரி இரண்டு மணிக்கு 52

இதய சிகிச்சைக்குப் பிறகு ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டால் பயம் குறையும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் மாதம் நேர்மாறு. ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து வீட்டுக்கு வந்த புதிதில் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து மணிக்கட்டைத் திருப்பி நாடித்துடிப்பைப் பார்ப்பேன். 52. ஐயோ, இவ்வளவு குறைவா என்று மனசு பதறும். பதறியதில் 80க்கு ஏறும். அதைப் பார்த்து இன்னும் பதறுவேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கும் தூக்கம் போச்சு.

டாக்டரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. நான் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரையின் வேலையே துடிப்பை அடக்கி வைப்பதுதானாம். அதனால் உடற்பயிற்சியில் துடிப்பு எவ்வளவு ஏறலாம் என்று 220இல் வயதைக் கழித்துப் போடும் இலக்கு எனக்குப் பொருந்தாது. நடக்கும்போது மூச்சு இரைக்காமல் பேச முடிகிறதா பாருங்கள், அது போதும் என்றார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

இன்னொன்று. வாட்ச் எடுக்கும் ஈசிஜி சீரற்ற துடிப்பைக் காட்டலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இப்போது இரவில் கழற்றி வைத்துவிடுகிறேன். நடந்த நிமிடங்களை மட்டும் வாரம் ஒருமுறை பார்ப்பதோடு சரி. உண்மையில் அதிகம் உதவுவது மேல்கையில் கட்டும் பழைய பிரஷர் மெஷின்தான், அதுவும் 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு.