"இன்னும் ஏழு மாசம்ணே"

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். அறையில் ஆறு பேர். ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ், ஒரே சம்பளம். தூக்கம் மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி.

விருத்தாசலத்துப் பையன் ஒருவன் சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம் சேர்க்க வந்தவன். சூப்பர்வைசர் கத்தினால் "இன்னும் ஏழு மாசம்ணே" என்று சிரிப்பான். படுத்தால் குறட்டைதான். பக்கத்துப் பாயில் டிப்ளமோ முடித்த அண்ணன். எப்படியும் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று நம்பி வந்தவர். காய்ச்சலிலும் லீவு போட மாட்டார், ஞாயிறு ஓவர்டைமை விட மாட்டார். ஹெச்ஆர் பதில் வணக்கம் சொல்லவில்லை என்றால் ராத்திரி முழுக்க அதே பேச்சு.

அதனால் தற்காலிக வேலை என்றாலே கொடுமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. எதற்காக வந்தோம் என்பது பெரிய விஷயம். ஆனால் அண்ணனின் அந்த நம்பிக்கையைக் காட்டியே அவரிடம் வேலை வாங்கினார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. அண்ணனுக்கு அந்த 480 மனப்பாடம். கான்ட்ராக்டருக்கும்தான். கிட்டே நெருங்கியதும் வேலைக்கு வராதே என்று ஒரு 'பிரேக்'. அப்புறம் வேறு கான்ட்ராக்டர் பெயரில் புது அட்டை, ஒன்றிலிருந்து எண்ணிக்கை.

சரி, தனியாரை மட்டும் திட்டுவானேன்? 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித்தர 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள். அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. அந்த 5,000 ரூபாய் 12,500 ஆகவே பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. பணி நிரந்தரம் திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையில் 181-வது வாக்குறுதி.

எங்கள் பெரியம்மா மகள் அப்படிச் சேர்ந்தவள்தான், ஓவியத்துக்கு. முதலில் அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. பையன் சின்னவன், மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். நிரந்தரம் பற்றியெல்லாம் அவள் அப்போது நினைக்கவே இல்லை. இப்போது அவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அவள் தேவை மாறிவிட்டது, வேலை அதே பகுதிநேரத்தில் நிற்கிறது. மே மாதம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது வந்தால் ஸ்டோர் ரூம் பக்கம் போய்விடுவாளாம். எந்த ஊர் என்று எழுதக்கூடாது என்று சொல்லித்தான் இதை எழுதவே விட்டாள்.