பாலமன்று, நீட்டிய கை

பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் செல்களின் ஏற்பிகளையும் அவற்றைக் குறிவைக்கும் புற்றுநோய் மருந்துகளையும் பற்றிய உங்கள் கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். ஆனால், செல்லை வளரத் தூண்டும் புரதமான மேல்தோல் வளர்ச்சிக் காரணி, செல் சவ்வில் அதை ஏற்கும் புரதங்களான இரண்டு ஏற்பிகளுக்கு நடுவே பாலமாக நின்று அவற்றை இணைக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பொருந்தவில்லை. 2002-இல் வெளிவந்த படிக அமைப்புகள் காட்டியபடி, காரணி மூலக்கூறுகள் இணைப்புப் பரப்பிலிருந்து விலகி, இருபுறமும் வெளிப்பக்கத்தில்தான் அமர்கின்றன. அவை பற்றிக்கொண்டதும் ஏற்பியின் மடங்கிய வடிவம் விரிந்து, அதுவரை உள்ளே மறைந்திருந்த ஒரு ‘கை’ வெளிப்பட்டு, அடுத்த ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது.

செல்லுக்குள் நடப்பது இன்னும் சுவையானது. ஏற்பிகளின் உட்புறத்தில் நொதியாக இயங்கும் இரு கைனேஸ் பகுதிகளும் சமச்சீராகக் கைகோப்பதில்லை. நின்றுபோன காரை ஒருவர் பின்னாலிருந்து தள்ள, மற்றவர் உள்ளே அமர்ந்து முடுக்குவதைப் போல, ஒன்றின் அடிமடல் மற்றொன்றின் தலைமடலை அழுத்தி அதை மட்டும் இயங்கவைக்கிறது (இது 2006-இல்தான் தெளிவானது). தள்ளுபவருக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை அல்லவா? இதே ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த, நொதித்திறன் மிகக் குறைந்த ஹெர்3, இன்னோர் உறுப்பினரான ஹெர்2-ஐத் தூண்டிவிட முடிவதும் இதனால்தான்.

ஹெர்2-உடன் நேரடியாகப் பிணையும் காரணி எதுவும் அறியப்படவில்லை. அதன் கை எப்போதும் நீண்டே இருக்கிறது. பெர்டுசுமாப் என்ற மருந்து, ஹெர்2-இன் வெளிப்புறத்திலுள்ள நான்கு பகுதிகளில் அந்தக் கையுள்ள இரண்டாம் பகுதியில் ஒட்டி இணைவைத் தடுக்கிறது. டிராஸ்டுசுமாப் என்ற மருந்தோ சவ்வுக்கு அருகிலுள்ள நான்காம் பகுதியைப் பற்றுகிறது. இரண்டையும் ‘ஒரே வேலையைச் செய்யும் மருந்துகள்’ என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு ஏமாற்றமே. ஹெர்2 மிகுந்த மார்பகப் புற்றுநோய்க்கு அவற்றைச் சேர்த்தே கொடுக்க முடிவது அந்த இட வேறுபாட்டால்தான்.