பென்சில் யாருடையது?

(குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறினால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்குள்ளேயே ஒரு வாடகை நூலகம். ஜெராக்ஸ் சம்பாதிக்கிறது, நூலகம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நவம்பர் மழை. கடைக்காரர் பரமசிவம். உள்ளே நுழைகிறவர் ராஜாமணி, தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.)

பரமசிவம்: வாங்கக்கா. குடையை வெளியே வையுங்கள். போன வாரம் ஒருவர் உள்ளே சாய்த்து வைத்தார். ஒரு கட்டு பாக்கெட் நாவல் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது.

ராஜாமணி: குடை கிடக்கட்டும் தம்பி. இதைப் பாருங்கள், பதினேழாம் பக்கம். ஓரத்தில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது?

பரமசிவம்: 'சித்தப்பாதான் செய்தார்.' ச்சே! யாருக்கா இந்த வேலை?

ராஜாமணி: அந்தச் சித்தப்பா கதைக்குள் வருவதே ஐம்பதாம் பக்கத்தில்தான். அவர் வருவதற்கு முன்னாலேயே நான் அவரைப் பிடித்துவிட்டேன். கொலை நடந்ததோ அறுபதில்!

பரமசிவம்: மழைக்காலத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு வேலை இல்லை. ரப்பர் தரட்டுமா?

ராஜாமணி: மனசில் எழுதியதை எந்த ரப்பரால் அழிப்பீர்கள்? சரி, புதிதாக ஏதாவது கொடுங்கள். கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் விழுந்து ரயிலை நிறுத்திவிட்டார்களாம். மலை ரயிலில்தான் வருவேன் என்று பேரன் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டில் நாலு நாள் அமைதி.

பரமசிவம்: அப்படியென்றால் இது. ஆர். வி. ராமன் இங்கிலீஷில் எழுதிய 'எ வில் டு கில்'. கதை நடப்பதே நம் நீலகிரியில். பனிமூட்டம், பழைய பங்களா, மண் சரிந்து பாதை அடைபடுகிறது, உள்ளே ஒரு கொலை.

ராஜாமணி: மண்சரிவும் பனிமூட்டமும் என் வாசலிலேயே இருக்கின்றன. அதற்கு வாடகை வேறா?

பரமசிவம்: பங்களாக்காரர் இரண்டு உயில் எழுதி வைத்திருக்கிறார் அக்கா. இயற்கையாகச் செத்தால் ஒன்று செல்லும். இயற்கையாகச் சாகாவிட்டால் இன்னொன்று.

ராஜாமணி: கெட்டிக்காரர். என் மாமனார் ஒரே ஒரு உயில் எழுதவே பதினோரு வருஷம் பேனா தேடினார். அதை இப்படி வையுங்கள். பென்சில் இல்லையே?

பரமசிவம்: அதில் இன்னும்... அதில் இல்லை அக்கா.

(ராஜாமணி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறார். கணக்கு எழுதியவர்கள் கண்ணாடியைச் சும்மா துடைப்பதில்லை.)

ராஜாமணி: வேறு?

பரமசிவம்: ஜப்பான்காரர் ஒருவர், கெய்கோ ஹிகாஷினோ. அவர் மொழியில் 2005ல் வந்தது, இங்கிலீஷில் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் அதை மறைக்கக் கணக்குப் போடுகிறார். இன்னொரு புரொபசர் அந்தக் கணக்கைத் திருத்த வருகிறார்.

ராஜாமணி: கொலைகாரர் யாரென்று தெரிந்தே படிக்க வேண்டுமா? அப்படியானால் பென்சிலுக்கு அங்கே வேலையே இல்லை.

பரமசிவம்: அதுதான் எனக்கு எரிச்... சந்தோஷம்.

ராஜாமணி: ம். இதற்கு முன்னால் ஒன்று கொடுத்தீர்களே, பெயர் வேண்டாம். தேயிலையில் இலையை வாட விடுவோம், அப்புறம்தான் அரைப்போம். அந்த ஆள் முந்நூறு பக்கமும் இலையை வாட விட்டார். அரைக்கவே இல்லை. கதை என்றால் டஸ்ட் டீ மாதிரி, ஒரு ஸ்பூன் போட்டதும் நிறம் இறங்க வேண்டும்.

பரமசிவம்: நிறம் வேண்டுமென்றால் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதி 2020ல் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பில் நாலு பேர் வியாழக்கிழமை தோறும் கூடி, போலீஸ் விட்டுவிட்ட கேஸைத் துழாவுகிறார்கள். சிரிப்பும் இருக்கிறது, பிணமும் இருக்கிறது.

ராஜாமணி: நாங்களும் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பஞ்சப்படியைத் துழாவுகிறோம், அதுவே அகப்பட மாட்டேன் என்கிறது. போடுங்கள் அதையும். வெறும் சிரிப்பாக ஒன்று?

பரமசிவம்: அதற்குப் புதுசு எதற்கு? தேவனின் சாம்பு இருக்கிறார். குருட்டாம்போக்கில் துப்புத் துலக்கிப் பேர் வாங்குகிற மனுஷன்.

ராஜாமணி: எங்கள் ஃபேக்டரியில் ஒரு சூப்பர்வைசர் அப்படித்தான் இருந்தார். தூள் நன்றாக வந்தால் அவர் திறமை, வராவிட்டால் இலையின் குற்றம். ஆனால் சாம்பு என் வீட்டிலேயே இருக்கிறார், அட்டை இல்லாமல். அகாதா கிறிஸ்டி எதுவும் நான் படிக்காதது உண்டா?

பரமசிவம்: 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' இருக்கிறது, 1934ல் வந்தது. நம் ரயிலை மண் மறிக்கிற மாதிரி அங்கே பனி மறிக்கிறது. ஐயோ, அந்தப் புத்தகத்தை மட்டும் கேட்காதீர்கள் அக்கா. ஓரத்தில் எழுதி எழுதி அரை பென்சில் தீர்ந்து, கையே...

(மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தக் கதையைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். படிக்காதவர்கள் கோபிக்க வேண்டாம், நான் எதுவும் சொல்லவில்லை.)

ராஜாமணி: கையே?

பரமசிவம்: யாரோ ஒருவருடைய கை.

ராஜாமணி: உட்காருங்கள் தம்பி. என் பெயரில் எடுத்த ஆறு புத்தகத்திலும் பென்சில். மருமகள் பெயரில் எடுத்த நாலிலும் ஒரு புள்ளி கூட இல்லை. இருவரும் ஒரே வீடு, ஒரே அலமாரி. ஒரே ஒரு வித்தியாசம், அவள் நாள் தவறாமல் திருப்பிக் கொடுப்பாள்.

பரமசிவம்: ...

ராஜாமணி: உங்கள் லெட்ஜரில் 'சி' எழுதும்போது ஒரு வால் நீட்டுவீர்கள். சித்தப்பாவுக்கும் அதே வால்.

பரமசிவம்: நான் என்னக்கா செய்வேன்? ஒரு வாரம் கெடு, நீங்கள் ஐந்து வாரம் வைத்துக்கொள்கிறீர்கள். அபராதம் கேட்டால், 'மூன்று வருஷப் பழக்கம், காசு கேட்கிறாயா' என்கிறீர்கள். காசாக வாங்க முடியவில்லை, கொலைகாரராகக் கழித்துக்கொண்டேன்.

ராஜாமணி: எத்தனை பேருக்கு இந்தத் தண்டனை?

பரமசிவம்: பதினாலு. பாங்க் மேனேஜர் ஒருவருக்கு மட்டும் பொய்யான பெயர் எழுதினேன். அவர் எட்டு வாரம்.

(ராஜாமணி மேஜை மேலிருந்த பென்சிலை எடுக்கிறார். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, நாலாக மடித்து வைக்கிறார்.)

ராஜாமணி: மேஜைக்கடியில் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, நீல அட்டை, அதை மருமகள் போன மாதமே முடித்துவிட்டாள். என்னிடம் முழுக் கதையும் சொன்னாள். இதைப் பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம். வரட்டுமா?

பரமசிவம்: அக்கா! இது அநியாயம்! இன்னும் நூறு பக்கம் இருக்கிறது அக்கா!

(மூன்று புத்தகமும் குடையுமாக ராஜாமணி படி இறங்கிவிடுகிறார். பரமசிவம் காகிதத்தைக் கல்லாவில் போட்டுப் பூட்டுகிறார். ஒரு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறார். கல்லாவைத் திறக்கிறார், மூடுகிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். கடைசியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறார்.)

பரமசிவம் (படிக்கிறார்): 'மூன்று புத்தகத்துக்கும் வாடகை அடுத்த மாதம்.'