வெஸ்ட் போட்டவரும் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனும்

போன சிங்கப்பூர் எஃப்1 கார் ரேஸ் வெள்ளிக்கிழமை, ஸோன் 4 வாக்அபவுட் டிக்கெட் (சீட்டு கிடையாது, நின்னு பாக்குறது), பாடாங் மைதானம் பக்கம். சாயங்காலம் 4 மணிக்கே போய் வேலியோரமா ஒரு இடம் புடிச்சிட்டேன், வெயில்னா அப்படி ஒரு வெயில், சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, பாத்ரூம் கூட போகல, போனா இடம் போயிடும். ராத்திரி செகண்ட் பிராக்டிஸ் ஆரம்பிச்சு, காரோட சத்தம் கேட்டு வியூஃபைண்டர்ல கண்ண வச்சா ஒரு முதுகு. பாஸ் வாங்கின பிரஸ் போட்டோகிராஃபருங்க போடுற மீடியா வெஸ்ட். வெஸ்ட்ல இருந்த நம்பர் மட்டும் பளிச்சுனு ஃபோகஸ் ஆயிருக்கு!

அவர் வேலிக்கு உள்பக்கம் நிக்கலாம், அதுக்குத்தான் பாஸ். கம்பிவலையில லென்ஸ் நுழையுற மாதிரி வெட்டி வச்ச ஓட்டை அவங்களுக்குத்தான், அதுல எனக்கு பொறாமை கிடையாது (சரி, கொஞ்சம் உண்டு). ஆனா படம் எடுத்து முடிச்சப்புறமும் அங்கேயே நின்னு இருபது நிமிஷம் போன் பாத்துக்கிட்டு இருந்தாரு பாருங்க, அதான் கடுப்பு. பின்னாடி ஒரு அப்பா தோள்மேல சின்னப் பொண்ண தூக்கி வச்சிருந்தாரு, அவங்களுக்கும் ஒண்ணும் தெரியல. நான் "எக்ஸ்கியூஸ் மீ"னு கூப்பிட்டதுக்கு மேலயும் கீழயும் ஒரு பார்வை, என் சின்ன 70-200 லென்ஸைப் பாத்து ஒரு சிரிப்பு. ரெண்டு எட்டு தள்ளி நின்னிருந்தா முடிஞ்சிருக்கும் லா.

அதுக்காக டிக்கெட் வாங்கி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு படம் எடுக்குற நம்ம ஆளுங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரல. முதல்ல நானே. பல வருஷம் முன்ன மலேசியாவுல செப்பாங் ரேஸ் டிராக்குக்கு பஸ் ஏறிப் போனப்போ அங்க ஒரு மலேசியத் தமிழர், வெஸ்ட் போட்டவர், ரெண்டு கேமரா பாடி, அதுல ஒண்ணுல 400 எம்எம் எஃப் 2.8, அந்த லென்ஸ் மட்டுமே கிலோ கணக்குல கனம். செஷன் நடக்கும்போதே போய் "அண்ணே, ஷட்டர் ஸ்பீடு எவ்ளோ வச்சிருக்கீங்க"ன்னு கேட்டேன். கண்ண எடுக்காம "தம்பி, முடியட்டும், வா"ன்னாரு. எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. இப்ப யோசிச்சா அவர் சொன்னதுதான் நியாயம், கார் பிட்டுக்குள்ள போறதுக்குள்ள அவரோட படம் எடிட்டர்கிட்ட போய் சேரணும், லேட்டான படத்த எவன் வாங்குவான்.

முடிஞ்சதும் அவரே தேடி வந்தாரு. ஷட்டர் ஸ்பீடு 1/80ல ஆரம்பி, இடுப்புலேர்ந்து திரும்பு, கார் போனப்புறமும் கைய நிறுத்தாதேன்னாரு. வலைய ஒட்டி லென்ஸ வச்சு அப்பர்ச்சர (லென்ஸோட துவாரத்த) நல்லா திறந்தா கம்பி மறைஞ்சுடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஒட்டி நிக்க முடியலன்னா பேனிங் பண்ணு, அதான் கார் போற வேகத்துக்கே கேமராவ திருப்பிக்கிட்டே எடு, கம்பி கரைஞ்சுடும்னாரு. இன்னைக்கும் சிங்கப்பூர் மரினா பே டிராக்ல நான் எடுக்குற பாதி படம் அவர் போட்ட பிச்சை.

இன்னொண்ணும் நம்ம பக்கம் இருக்கு, சொன்னா கோவப்படுவீங்க. யாரோ ஒரு சோஷியல் மீடியா பேஜ்காரன் "கிரெடிட் போடுறோம் பிரதர்"னு சொன்னதும் ஃபுல் சைஸ் ஃபைல தூக்கிக் குடுத்துடுறோம். நமக்கு அது லைக்கு, படம் வித்து பொழைக்கிற வெஸ்ட்காரங்களுக்கு அது வாடகைக் காசு. பார்வையாளர் டிக்கெட்ல எடுக்குற படம் சொந்த உபயோகத்துக்குத்தான்னு கண்டிஷன்லயே இருக்கு, அத யாரு படிக்கிறா. அவங்க நம்மள முறைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன், அந்த முறைப்பு மட்டும் எனக்கு தப்பா தெரியல.

வெள்ளிக்கிழமை கதைக்கு வர்றேன். கடைசில அந்த முதுக நகத்துனது நான் இல்ல, டிராக்க பாத்துக்குற ஒரு வாலண்டியர் மார்ஷல் அங்கிள். வந்து தோள தொட்டு கைய காட்டுனாரு, வெஸ்ட்காரரும் மறுபேச்சு பேசாம நகந்துட்டாரு. அப்புறம் ஏழு நிமிஷந்தான் செஷன் இருந்துச்சு. ஒரு மெக்லாரன் காரு கெடச்சுது, மூக்கு மட்டும் ஷார்ப்பு.