வகுப்பறையில் வராத பாடம்

பயிற்சி வகுப்பு நடத்தினால் தொழிலாளியின் திறமை தானாக வளரும் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி; மீதி, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. நான் நாலு வருஷம் அசெம்பிளி லைனில் நின்றவன். ஒரு நிமிஷத்துக்கு ஒரு பாகம், ஆறு போல்ட், அவ்வளவுதான் வேலை. முதல் வாரத்திலேயே கை பழகிவிட்டது, அப்புறம் கற்க ஒன்றுமில்லை. மெஷின் நின்றால் தள்ளி நிற்க வேண்டும். மெயின்டனன்ஸ் ஆள் கழற்றுவதை எட்டிப் பார்த்தால்கூட சூப்பர்வைசர் முறைப்பார்.

அடுத்துப் போன இடத்தில் ஐந்து பேர் கொண்ட குழு. செட்டிங், தரச் சோதனை, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் எங்கள் பொறுப்பு. மெஷினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கெடப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க அங்கேதான், ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

சுவீடனின் உத்தேவல்லாவில் வோல்வோ ஆலையில் சிறு குழுவே முழுக் காரையும் பூட்டியது (1993இல் மூடிவிட்டார்கள், அது தனிக் கதை). டொயோட்டாவில் கோளாறு தெரிந்தால் தொழிலாளியே கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ லைனை நிறுத்த வைக்கலாம். தவறு எங்கே பிறந்தது என்பதை அந்த இடத்திலேயே பார்க்கிறார்கள். எங்கள் பழைய லைனிலும் நிறுத்தும் பொத்தான் இருந்தது. தொட்டால் மெமோ.